தீக்குச்சியால் ஒரு ரயில் பாதை

சிவகாசித் தீக்குச்சி ஒன்றை எடுத்து நடுவில் ஒடித்துப் பாருங்கள். கிடைக்கும் துண்டு ஏறக்குறைய 21 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். பழைய மீட்டர் கேஜ் பாதையில் தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த மரச் சிலிப்பர் கட்டையின் நீளம் 1800 மில்லிமீட்டர், அகலம் 200. இந்த இரண்டையும் 87-ஆல் வகுத்தால் 20.7-ம் 2.3-ம் வரும். மாதிரி ரயில் கட்டுபவர்கள் உலகெங்கும் மிகுதியாகப் பயன்படுத்தும் அளவு இந்த 1:87 தான், எச்.ஓ. என்பார்கள். அதாவது அரைத் தீக்குச்சி ஒரு சிலிப்பர் கட்டை. நம் ஊர் ரயில் பாதையை நம் ஊர்ப் பொருளாலேயே சிறிதாகக் கட்டி நிறுத்த முடியும் என்ற நம்பிக்கையை எனக்குத் தந்தது இந்தக் கணக்குதான்.

நான் சிவகாசியில் அட்டைப்பெட்டிகளுக்கு டை போட்டுப் பிழைத்தவன். பிளைவுட் பலகையில் கோடு அறுத்து, வெட்டுகிற ரூலையும் மடிப்பு விழுகிற ரூலையும் வளைத்துச் செருகுகிற வேலை. அரை மில்லிமீட்டர் பிசகினால் பெட்டி மூடாது. ஓய்வுக்குப் பிறகு அதே கையைக் கொண்டு, மாடி அறையில் 12 அடி நீளப் பலகையில் சிவகாசி ரயில் நிலையத்தைக் கட்டி வருகிறேன். இன்றிருக்கும் நிலையத்தை அல்ல, 1970களின் தொடக்கத்தில் கரி இன்ஜின் வந்து நின்ற நிலையத்தை. இதை ஒரு தனிமனிதனின் பொழுதுபோக்காக விட்டுவிடக் கூடாது, இந்த மாவட்டமே எடுத்துச் செய்ய வேண்டிய வேலை இது என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

இந்தப் பாதையின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குத் தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1876-ல் மீட்டர் கேஜ் பாதை போட்டது. அன்று விருதுபட்டி என்று பெயர் கொண்டிருந்த விருதுநகர் வழியாக அது போனது. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 1927-ல், விருதுநகரிலிருந்து திருத்தங்கல், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில் வழியாகத் தென்காசிக்குக் கிளைப் பாதை திறக்கப்பட்டது. தென்காசியில் அது செங்கோட்டை, கொல்லம் பாதையோடு சேர்ந்துகொண்டது. மழை பொய்க்கும் கரிசல் காட்டில் முளைத்த ஒரு தொழிலும் அதை வெளியூருக்குச் சுமந்து செல்லும் வழியும் ஒரே பத்தாண்டில் வந்து சேர்ந்தன. 2004-ல் இந்தப் பாதை முழுவதும் பிராட் கேஜ் ஆயிற்று. இன்று சிவகாசியில் இருபது வயது நிரம்பாத எவரும் தம் ஊரில் மீட்டர் கேஜ் வண்டி ஓடிப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

பிராட் கேஜ் வந்ததில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அது வந்ததால்தான் பொதிகையில் ஏறி நேரே சென்னையில் இறங்குகிறோம். ஆனால் ஒரு பாதையைப் பெயர்த்தெடுக்கும்போது தண்டவாளம் மட்டும் போவதில்லை. கைகாட்டி போகிறது, தண்ணீர்த் தொட்டி போகிறது, கூட்ஸ் ஷெட் போகிறது, டோக்கன் கொடுத்து வாங்கும் முறை போகிறது, அவற்றைச் சுற்றி அமைந்திருந்த பிழைப்புகளும் போகின்றன. புகைப்படங்களில் மிஞ்சுவது பெரும்பாலும் இன்ஜின் மட்டுமே. அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளத்தான் எல்லோருக்கும் ஆசை இருந்தது. கூட்ஸ் ஷெட்டின் பின்சுவரை யார் படம் எடுத்து வைத்தார்கள்?

மாதிரி கட்டுகிறவனுக்கு அந்தப் பின்சுவரும் வேண்டும். எழுதுகிறவர் தமக்குத் தெரியாத இடத்தை ஒரு வாக்கியத்தில் தாண்டிப் போய்விடலாம். கட்டுகிறவன் தாண்ட முடியாது. பலகையில் ஒவ்வொரு அங்குலத்திலும் ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும். அது என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டே தீர வேண்டும். இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றும் குழாய் பிளாட்பாரத்தின் எந்த முனையில் நின்றது என்று நான் விசாரிக்கப் போனேன். லோடு ஏற்றி இறக்கும் வேலை பார்த்த ஒரு பெரியவர், “திருத்தங்கல் பக்கத்துக் கடைசியில நின்னுச்சு தம்பி, அது கிட்டதான் நாங்க குளிப்போம்” என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொருவர் விடவில்லை. “அண்ணாச்சி, அது பிறகு வச்சது. மொதல்ல வில்லிபுத்தூர் பக்கம்லா இருந்துச்சு” என்றார். இருவரும் மணிக்கணக்கில் பேசினார்கள். எத்தனை மணிக்குக் கூட்ஸ் வரும், ஷெட்டுக்குச் சாவி யாரிடம் இருக்கும், மூட்டைக்கு என்ன கூலி, மழை வந்தால் தீப்பெட்டிப் பண்டலை எப்படி மூடுவார்கள் என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தது. அவர்களிடம் இதையெல்லாம் அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஒரு குழாய்க்கு இடம் தேடிப் போனதால் ஒரு வாழ்க்கையே வாய்மொழியாகக் கிடைத்தது. மாதிரி ரயிலின் பயன் என்னவென்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பதில் இதுதான்.

“பணக்காரர் வீட்டுப் பிள்ளை விளையாட்டு” என்ற பேச்சும் உண்டு. கடையில் கிடைக்கும் வெளிநாட்டுப் பெட்டியை வாங்கி, வட்டப் பாதையில் ஜெர்மன் இன்ஜினை ஓடவிட்டு, பக்கத்தில் பனி மூடிய மலை வீட்டை வைத்தால் அந்தப் பேச்சில் நியாயம் உண்டு. என் வழி வேறு. அதிலும் ஒரு நல்வாய்ப்பு நமக்கு அமைந்திருக்கிறது. மீட்டர் கேஜின் அகலம் 1000 மில்லிமீட்டர். 1:87 அளவில் அதற்கு 12 மில்லிமீட்டர் தண்டவாளம் போதும். சுவிட்சர்லாந்தின் மலை ரயில்கள் பலவும் மீட்டர் கேஜ் என்பதால், அவற்றைக் கட்டுகிறவர்களுக்காக ஐரோப்பாவில் 12 மில்லிமீட்டர் பாதையும் சக்கரங்களும் ஆயத்தமாக விற்கின்றன. நம் பிராட் கேஜுக்கு இந்த வசதி இல்லை. 1676 மில்லிமீட்டரை 87-ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரும். அந்த அகலத்தில் கடைச் சரக்கு கிடைக்காது, ஒவ்வொன்றையும் கையால் செய்ய வேண்டும். மறைந்துபோன பாதையைக் கட்டுவதுதான் நமக்கு எளிது. சக்கரமும் மோட்டாரும் தண்டவாளக் கம்பியும் வெளியிலிருந்து வந்தால் போதும். கட்டை தீக்குச்சி, கட்டடம் பெட்டி அட்டை, மண் நம் கரிசல் மண். சேலைத் துணியில் சலித்துப் பசையோடு தூவினால் அதே நிறம் வந்துவிடுகிறது, வாங்கி வந்த எந்தச் சாயமும் அப்படி வருவதில்லை.

அளவைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவே ஏறக்குறைய 25 கிலோமீட்டர். 1:87-ல் அது 287 மீட்டர் ஆகும். பெரிய கல்யாண மண்டபத்தில்கூட அடங்காது. என் 12 அடிப் பலகை அசல் நிலத்தில் 318 மீட்டருக்குத்தான் சமம். ஒரு மீட்டர் கேஜ் பயணிகள் பெட்டி சுமார் 20 மீட்டர், மாதிரியில் 23 சென்டிமீட்டர். ஒய்.பி. வகைக் கரி இன்ஜின் ஒன்றும் நாலு பெட்டியும் சேர்ந்தாலே மூன்றே முக்கால் அடி போய்விடும். ஆகையால் எதையாவது சுருக்கித்தான் ஆக வேண்டும். யார்டின் நீளத்தைச் சுருக்கலாம், வண்டியின் பெட்டிகளைக் குறைக்கலாம், ஊருக்கும் ஸ்டேஷனுக்கும் இடையிலுள்ள தெருவை ஒட்டிப் போடலாம். உலகெங்கும் இப்படித்தான் செய்கிறார்கள், பார்ப்பவர் கண்ணுக்கு அது உறுத்துவதில்லை.

ஆனால் பட்டாசு ஆலையைச் சுருக்கக் கூடாது. நாங்கள் பயர் ஆபீஸ் என்று சொல்லும் அந்த இடத்தில் அறைகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கும். ஓர் அறைக்கு இத்தனை பேர், இவ்வளவு மருந்து, அடுத்த அறைக்கு இவ்வளவு தூரம் என்று வெடிபொருள் சட்டத்தின் விதிகள் வரையறுத்திருக்கின்றன. ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்த அறையில் இருப்பவருக்கு ஓடுவதற்கு நேரம் வேண்டும் என்பதற்காக விட்ட வெற்றிடம் அது. அந்த வெற்றிடம் மதிக்கப்படாத இடங்களில் என்ன நடக்கும் என்பதை, 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்து உட்பட, எத்தனையோ சாவுகளில் இந்த வட்டாரம் பார்த்துவிட்டது. அதனால் என் பலகையில் நான் அறைகளைக் குறைத்தேன், தூரத்தைக் குறைக்கவில்லை. இரண்டே அறைகள், நடுவே வெறும் மண், ஒரு வேப்பமரம். பார்க்க வருகிற பிள்ளைகள் “ஏன் தாத்தா இவ்வளவு இடத்தை வீணா விட்டிருக்கீங்க?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியைக் கேட்க வைப்பதற்காகவே அந்த இடம் அங்கே இருக்கிறது.

சரக்கு வண்டியிலும் இதே கவனம் வேண்டும். கரி இன்ஜினின் புகைபோக்கியிலிருந்து நெருப்புப் பொறி பறக்கும். அதனால் வெடிபொருள் ஏற்றிய பெட்டியை இன்ஜினை ஒட்டிக் கோக்க மாட்டார்கள், நடுவே வேறு பெட்டிகள் சில இருக்கும். மாதிரி வண்டியைக் கோக்கும்போதும் அந்த வரிசை மாறக் கூடாது. தீப்பெட்டிப் பண்டல் ஒன்றில் 600 பெட்டிகள். வண்டியில் ஏறுவது பண்டல்தான், தனிப் பெட்டி அல்ல. இந்த அளவில் தீப்பெட்டி ஒன்று ஒரு கடுகுக்கும் குறைவாகவே இருக்கும். பண்டலை மட்டும் வெட்டி, கூட்ஸ் ஷெட் படியில் அடுக்கி வைத்திருக்கிறேன். விருதுநகர் யார்டை ஒருவர் கட்டினால் அங்கே வேறு சரக்கு வரும். வத்தல் மூட்டை, பருப்பு மூட்டை, எண்ணெய் டின் என்று அது மண்டிக் கடைக்காரர்களின் ஊர். ஒரே பாதையில் 25 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இரண்டு ஊர்களுக்குள் இவ்வளவு வேற்றுமை என்பதைச் சரக்கு வண்டி காட்டிவிடும்.

அடுத்துச் சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காது. 1970களின் சிவகாசியைக் கட்டுகிறவர், விடியுமுன் கிராமத்துக்குப் போய்ப் பிள்ளைகளை ஏற்றி வந்த தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸையும் வைக்க வேண்டும். குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைகள் வந்தார்கள். என்னோடு ஆரம்பப் பள்ளியில் படித்தவர்களில் சிலர் பாதியில் அந்தப் பஸ்ஸில் ஏறியவர்கள். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்காகவும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று அதில் உத்தரவிட்டது. அதன் பிறகுதான் நிலைமை மெல்ல மாறியது. “ஊர் மானம் போகும், அந்தப் பஸ்ஸை எடுத்துவிடுங்கள்” என்று எனக்கு வேண்டியவர் ஒருவர் சொன்னார். எடுக்க மாட்டேன். ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்தில் அந்தப் பிள்ளைகள் ரயில்வே கேட் அருகே பஸ்ஸில் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுத்துக் கட்டுவதென்று இறங்கினால் அந்த ஆண்டின் அழகை மட்டும் பொறுக்கிக்கொள்ள உரிமை இல்லை. ஊருக்கு மானம் சேர்ப்பது, அந்தப் பிள்ளைகளின் பேரப் பிள்ளைகள் இன்று கல்லூரிக்கு அதே ஸ்டேஷனில் ரயில் ஏறுவதுதான். முன்னது தெரிந்தால்தான் பின்னதன் அருமை விளங்கும்.

இப்படி ஒரு வட்டாரத்தையே மாதிரியாகக் கட்டிக் காத்தவர்கள் உலகில் உண்டு. ராய் இங்கிலாந்து என்ற ஆஸ்திரேலியர் 1925-ல் இங்கிலாந்துக்குப் போனார். அங்கே ஒரு பள்ளத்தாக்கில் கூரை வேய்ந்த பழைய வீடுகள் ஒவ்வொன்றாக மாறிவருவதைக் கண்டார். தடுக்க முடியாது என்று தெரிந்தது. அளந்தார். ஒவ்வொரு வீட்டின் சன்னலையும் கூரையையும் தோட்டத்தையும் குறித்துக்கொண்டு, அட்டையில் 1:76 அளவில் கட்டத் தொடங்கினார். 1954-ல் ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் லாங் விட்டன்ஹாம் கிராமத்தில் அதற்கென இடம் அமைந்தது. பெண்டன் அருங்காட்சியகம் என்ற பெயரில், 1920-30களின் அந்தப் பள்ளத்தாக்கும் அதன் ரயிலும் தன்னார்வலர்கள் கையால் இன்றும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. அவர் பயன்படுத்தியது பெரும்பாலும் அட்டை என்பதை நான் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. அட்டையை வெட்டுவதிலும் மடிப்பதிலும் அச்சிடுவதிலும் சிவகாசிக்கு யார் சொல்லித்தர வேண்டும்?

நம் நாட்டிலும் ரயில் அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகம், சென்னை ஐ.சி.எஃப். அருகிலுள்ளது, திருச்சியில் ஒன்று. புனேயில் ஜோஷி குடும்பத்தாரின் மாதிரி ரயில் காட்சிக்கூடமும் பார்க்கத் தகுந்தது, ஒரு மனிதரின் ஆசையில் எழுந்தது. ஆனால் டெல்லியிலும் சென்னையிலும் இன்ஜின்தான் நாயகன், புனேயில் கற்பனை ஊர். இது இன்ன ஊர், இன்ன ஆண்டு, இதோ இந்த ஷெட்டில் இன்ன சரக்கு ஏறியது என்று சொல்லும்படி தமிழ்நாட்டின் ஒரு நிஜ ரயில் நிலையத்தை முழுமையாகக் கட்டி மக்கள் பார்வைக்கு வைத்திருக்கும் இடத்தை நான் பார்த்ததில்லை. அப்படி முதலில் வருவது விருதுநகர் மாவட்டத்தில் வர வேண்டும் என்பது என் ஆசை. இதற்குக் காரணம் ஊர்ப்பற்று மட்டும் இல்லை. தேவையான கைத்திறன் எல்லாம் ஒரே ஊரில் குவிந்திருக்கும் இடம் வேறு எது? ஓட்டுக் கூரையின் நிறத்தைத் துல்லியமாக அச்சடிக்க ஆஃப்செட் இருக்கிறது. சன்னல் கம்பியை வெட்ட லேசர் டை இருக்கிறது. பழைய லேபிள்களைச் சேர்த்து வைத்திருக்கும் வீடுகள் இருக்கின்றன. ஸ்டேஷன் கட்டடத்தை ஒரே அட்டைத் தாளில் அச்சடித்து, வெட்டி ஒட்டிக்கொள்ளும்படி செய்தால் பள்ளிப் பிள்ளை ஒவ்வொருவர் கையிலும் அதைக் கொடுக்கலாம். காலண்டர் அடிக்கும் அச்சகங்கள் சீசன் முடிந்து இயந்திரம் சும்மா நிற்கும் மாதங்களில் இதைச் செய்ய முடியும்.

வெம்பக்கோட்டையில் 2022 முதல் அகழாய்வு நடத்தி, ஆயிரமாயிரம் ஆண்டுக்கு முந்தைய சங்கு வளையலையும் மணியையும் எடுத்துக் கணக்கெழுதி வைத்திருக்கிறோம். நல்ல வேலை, இன்னும் நடக்க வேண்டும். அங்கிருந்து சிவகாசி எவ்வளவு தூரம்? ஐம்பது ஆண்டுக்கு முந்தைய ஊரின் அளவுகள் நம் கண் முன்னே அழிந்துகொண்டிருக்கின்றன. அவற்றை அறிய மண்ணைத் தோண்ட வேண்டியதில்லை, அளவு நாடாவும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். அதைவிட அவசரம், நினைவு வைத்திருக்கும் மனிதர்கள். கரி இன்ஜின் காலத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இப்போது எழுபதும் எண்பதும் ஆகிறது. நான் விசாரித்த பெரியவர்களில் சிலர் இன்று இல்லை.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. மதுரைக் கோட்டம் 1956-லேயே அமைந்தது. அதற்கு முந்தைய கம்பெனிக் காலத்திலிருந்தே யார்டு வரைபடங்கள், கட்டட வரைபடங்கள், வேலைக்கால அட்டவணைகள் என்று தாள்கள் உருவாகியிருக்கின்றன. அவற்றில் எஞ்சியிருப்பவற்றை ரயில்வே ஸ்கேன் செய்து பொதுமக்களுக்குத் தர வேண்டும். விருதுநகர், தென்காசி பாதையில் எந்தப் பழைய கட்டடத்தில் கை வைப்பதற்கு முன்பும் அதை அளந்து, நாலு பக்கமும் படம் எடுத்து வைக்க வேண்டும். ஒரு நாள் வேலைதான். பாலிடெக்னிக் மாணவர்களுக்கு இந்த அளவெடுப்பைப் பயிற்சியாகவே தரலாம். மாதிரியை வைக்க விருதுநகர் ஜங்ஷனில் ஓர் அறை ஒதுக்கினால் ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் பார்ப்பார்கள். அச்சக, தீப்பெட்டி, பட்டாசு உரிமையாளர் சங்கங்கள் பணமாகத் தருவதைவிடத் தாளாகவும் அட்டையாகவும் ஆள் கையாகவும் தரலாம்.

வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். திருத்தங்கல், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வீடுகளின் பரணில் சரக்கு அனுப்பியதற்கு ரயில்வே தந்த பழைய ஆர்.ஆர். ரசீதுகள், அட்டை டிக்கெட்டுகள், கல்யாணக் கோஷ்டி ஸ்டேஷனில் நின்று எடுத்த படங்கள் கிடக்கும். எடைக்குப் போட்டுவிடாதீர்கள். படத்தில் மாப்பிள்ளைக்குப் பின்னால் ஒரு கைகாட்டியோ தண்ணீர்க் குழாயோ ஷெட்டின் மூலையோ தெரிந்தால், அது எந்த ஆண்டு, எந்தப் பக்கம் பார்த்து எடுத்தது என்று பின்புறம் பென்சிலால் எழுதி வையுங்கள். வீட்டில் ரயிலில் வேலை பார்த்த தாத்தா இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்டேஷனை ஒரு தாளில் வரைந்து தரச் சொல்லுங்கள்.